இரவில் அருந்திய மது அதிகாலையில் இரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? கணக்கிட வழி உண்டா?

கேட்டவர்: காய்கறிவண்டி

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து மதுரைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் குட்டியானை ஒன்று வைத்திருக்கிறேன். அதை ஓட்டுபவர் என் மனைவியின் தம்பி; வயது 31, எடை 60 கிலோ. வாரத்தில் நான்கைந்து இரவுகள், 9 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் ஒரு குவாட்டரை முடித்துவிட்டுப் படுக்கிறார். அதிகாலை 4 மணிக்கு வண்டியை எடுக்கிறார். "தூங்கி எழுந்து, குளித்து, மோர் குடித்தாயிற்று, தெளிவாகத்தான் இருக்கிறேன் மாமா" என்கிறார். பேச்சில் குழறல் இல்லை, நடையும் சீராகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டும்போது, கண்ணை மூடிக்கொண்டே போடக்கூடிய முடிச்சு அவர் கையில் இரண்டு முறை நழுவியதைப் பார்த்தேன். அப்போதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. அந்த நேரத்தில் அவர் இரத்தத்தில் எவ்வளவு மது இருக்கும் என்பதைக் கணக்கிட முடியுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆய்வாளர்

முடியும். ஆனால் அந்தக் கணக்கை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குவாட்டர் என்பது 180 மில்லி. புட்டியின் மேல் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் அதில் உள்ள தூய ஆல்கஹால் ஏறத்தாழ 77 மில்லி. ஆல்கஹாலின் அடர்த்தி 0.789 என்பதால் எடையில் அது கிட்டத்தட்ட 61 கிராம். இது உடலின் நீர்ப்பகுதியில்தான் கலக்கும், கொழுப்பில் சேராது. ஆகவே சுவீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் வகுத்துத் தந்த சூத்திரப்படி, ஆணின் எடையைச் சராசரியாக 0.68 ஆலும், பெண்ணின் எடையை 0.55 ஆலும் பெருக்கிக்கொள்கிறோம். உங்கள் மைத்துனருக்கு 60 × 0.68 = 40.8. 61 கிராமை இதனால் வகுத்தால், 100 மில்லி இரத்தத்துக்கு ஏறத்தாழ 150 மில்லிகிராம் என்று வருகிறது.

இதிலிருந்து கல்லீரல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் குறைக்கும். 9 மணி முதல் 4 மணி வரை 7 மணி நேரத்தில் 105 குறையும், மிச்சம் 45. நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. அதாவது தூங்கி, குளித்து, மோர் குடித்து, தெளிந்துவிட்டதாக அவர் நம்பும் அந்த நேரத்திலும் வரம்பின் ஒன்றரை மடங்கு அவர் உடலில் இருக்கிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். 15 என்பது சராசரி மட்டுமே. சிலருக்கு 20, சிலருக்கு 10. வேகமாகக் குறையும் உடலென்றால் 4 மணிக்கு 10 மில்லிகிராம்தான் இருக்கும். மெதுவாகக் குறையும் உடலென்றால் 80 இருக்கும். ஒரே மனிதர், ஒரே குவாட்டர், ஆனால் விடை 10 முதல் 80 வரை எங்கு வேண்டுமானாலும் அமையலாம். ஆகவே "வண்டி ஓட்டாதே" என்று தடுக்க இந்தக் கணக்கு போதும். "போகலாம்" என்று அனுமதிக்க ஒருபோதும் போதாது.

பதில் 2: பழனிப்பாதை

வெறும் வயிற்றில் குடித்தால்தான் தொல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிரியாணி போலக் கனமாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறாது என்கிறார்களே? எலுமிச்சைச் சாறும் கட்டன் காப்பியும் இறக்கிவிடும் என்றும் சொல்கிறார்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற வேதியியல் ஆய்வாளர்

உணவு இருந்தால் ஆல்கஹால் குடலுக்குச் செல்வது தாமதப்படும். உச்ச அளவும் சற்றுக் குறையும். அந்த அளவில் நீங்கள் கேட்டது உண்மை. ஆனால் இரத்தத்தில் சேர்ந்துவிட்டதை அகற்றும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரல்தான் செய்கிறது. எலுமிச்சை, காப்பி, மோர், குளிர்ந்த நீர் எதுவும் அதை விரைவுபடுத்தாது. காப்பி தூக்கத்தைக் கலைக்கும். விழித்திருக்கிறோம் என்ற தைரியத்தையும் தரும். அந்தத் தைரியத்தைத்தான் நான் அஞ்சுகிறேன்.

முடிச்சு நழுவியதைக் கவனித்தீர்கள் அல்லவா, அதுதான் இதன் அடையாளம். குழறலும் தள்ளாட்டமும் அதிக அளவில்தான் வெளிப்படும். ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளில் கவனம் வைக்கும் திறனோ 50 மில்லிகிராமுக்குக் கீழேயே குறையத் தொடங்கிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதித்தால் 8 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். மது தூண்டும் உறக்கம் பின்னிரவில் கலைந்து கலைந்து வருவது என்பதால், அவர் ஆறு மணி நேரம் படுத்திருந்தாலும் முழுமையாக உறங்கியிருக்கமாட்டார். 4 மணியோ உடல் இயல்பாகவே சோர்ந்திருக்கும் வேளை.

பதில் 4: நீதிமன்றத் தெரு

வழக்கறிஞன் என்ற முறையில் வண்டி உரிமையாளரான உங்களுக்கு ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி, 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை என்றால் 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை போகும். நேற்றிரவு குடித்ததா, இப்போது குடித்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. ஊதும்போது என்ன அளவு என்பதுதான் கேள்வி. அதே சட்டத்தின் 188ஆம் பிரிவு, இக்குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனையை வைத்திருக்கிறது. மது இருப்பது தெரிந்தும் சாவியைக் கொடுத்தால் அந்தக் கேள்வி உங்களை நோக்கியும் வரும். விபத்தில் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடம் உண்டு.

பதில் 5: முப்பதாண்டு ஓட்டுநர்

ஐயா, நான் லாரி ஓட்டியவன். இரவு குடித்து, ஐந்து மணி நேரம் தூங்கி, விடிவதற்கு முன் வண்டியை எடுத்த ஒரு நாளில், சாலையோரம் சைக்கிளில் பால் கேன் கட்டிச் சென்ற பெரியவரை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் கால் எழவில்லை. கண்ணுக்கும் காலுக்கும் நடுவில் யாரோ வந்து நின்றுகொண்டதைப் போல இருந்தது. கைப்பிடியில்தான் இடித்தது, பெரியவர் பிழைத்துக்கொண்டார். சாலையெங்கும் பால் ஓடியது. அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், நான் தெளிவாக இருக்கிறேன் என்றுதான் சத்தியம் செய்திருப்பேன்.

கேட்டவர்: காய்கறிவண்டி

அனைவருக்கும் நன்றி. சந்தைச் சிட்டையின் பின்புறம் இந்தக் கணக்கை எழுதி மைத்துனரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் மாலை 6 மணிக்கே தொடங்கி 7 மணிக்குள் முடித்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார். இப்போதைக்குச் சாவி என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் நானே ஓட்டுகிறேன்.

பதில் 6: ஓய்வுபெற்ற வேதியியல் ஆய்வாளர்

6 மணி முதல் 4 மணி வரை 10 மணி நேரம். சராசரி உடலென்றால் 150உம் கழிந்து பூச்சியத்துக்கு வரும். மெதுவாகக் குறையும் உடலென்றால் அப்போதும் 50 இருக்கும். அவர் எந்த வகை என்பது நமக்குத் தெரியாததால், மறுநாள் வண்டி உண்டென்றால் முந்தைய இரவு மது இல்லை என்பது மட்டுமே சரியான விடை. வாரத்தில் நான்கைந்து நாட்கள் குவாட்டர் என்பதால், அவரை அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நாள்தோறும் குடித்துப் பழகிய உடலில் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், நிறுத்துவதையும் மருத்துவரின் துணையோடு செய்யச் சொல்லுங்கள்.