பைபாஸ் ஓரத்து வீடு: காற்று மீட்டர் காட்டுவதை எப்படிப் புரிந்துகொள்வது?

கொண்டலாம்பட்டிக்காரன்:
வணக்கம். எங்கள் வீடு சேலம் பைபாஸிலிருந்து 60 மீட்டர் உள்ளே இருக்கிறது. அம்மாவுக்கு வீசிங், மார்கழி பிறந்தால் ராத்திரி தூக்கமே கிடையாது. காலையில் துடைத்த திண்ணையை மதியம் தொட்டால் விரலில் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வெறும் மண் புழுதி அப்படி ஒட்டாது. அதனால் லேசர் சென்சார் மீட்டர் ஒன்று வாங்கி கேட்டில் கட்டினேன். விடியற்காலை 5 மணிக்கு பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒரு கன மீட்டர் காற்றுக்கு 130 மைக்ரோகிராம் என்று காட்டுகிறது. மதியம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது 35தான். மீட்டர் கெட்டுவிட்டதா? அம்மா கோலம் போட வெளியே வருவதே அந்த 5 மணிக்குத்தான்.

கஞ்சமலை அடிவாரம்:
கெடவில்லை தம்பி. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று நம் ஊரைச் சுற்றி மலைதானே. பனிக்காலத்தில் ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதற்கு மேலே இருக்கும் சூடான காற்று சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும், ராத்திரி முழுக்க ஓடிய வண்டிகளின் புகை கீழேயே தேங்கி நிற்கும். வெயில் ஏறினால்தான் கலையும். பகலில் ரோட்டுப் புகை 150, 200 மீட்டருக்குள் பெரும்பாலும் நீர்த்துப்போகும், விடியலுக்கு முன்னால் அதைவிட ரொம்ப தூரம் பரவும். அப்புறம், நம் நாட்டு வரம்பான 60 என்பது 24 மணி நேரச் சராசரி. ஒரு நிமிஷத்து எண்ணை அதோடு ஒப்பிடாதீர்கள்.

கொண்டை ஊசி 20:
நான் ஏற்காட்டில் இருக்கிறேன். மூடுபனி இறங்கினால் என் மீட்டர் 300 தாண்டும், ரோட்டில் ஒரு வண்டிகூட இருக்காது. லேசருக்குத் தண்ணீர்த் துளியும் தூசியும் ஒன்றுதான். ஈரப்பதத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள், 90 சதவீதத்தை நெருங்கினால் அந்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் 130இல் கொஞ்சம் பனியும் இருக்கும். ஆனால் எனக்குக் கவலை அந்த 35தான். இந்த மீட்டர்களுக்கு 0.3 மைக்ரானுக்குக் கீழே கண் தெரியாது, டீசல் வண்டியிலிருந்து புதிதாக வரும் துகள்களில் பெரும்பாலானவை 0.1 மைக்ரானுக்கும் சிறியவை. லாரி நிற்கும்போது 35 என்றால் காற்று சுத்தம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவை அளக்க ஒரு குழாய் இருக்கிறது, விரல் நீளம்தான், கரண்டே வேண்டாம். வாய் கீழே பார்க்கிற மாதிரி இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் கட்டி, இரண்டிலிருந்து நான்கு வாரம் விட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. சோனா கல்லூரியில் இருக்கும் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

கஞ்சமலை அடிவாரம்:
ஊர்க் காற்று எப்படி இருக்கிறது என்று அது சொல்லும், உங்கள் கேட்டுக்கு முன்னால் ஓடும் ரோடு எவ்வளவு சேர்க்கிறது என்று சொல்லாது. அதற்கு அதே மாடல் மீட்டர் இன்னொன்று வாங்குங்கள். ஒரு வாரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மாதிரி காட்டுகிறதா என்று பாருங்கள், பிறகு ஒன்றை வாசலிலும் ஒன்றைப் பின்கட்டிலும் மாட்டுங்கள். அடுப்புப் புகை படுகிற இடம் வேண்டாம். எந்தப் பக்கக் காற்று என்பதையும் எழுதி வையுங்கள். பின்கட்டில் நிஜமாகவே குறைவு என்று தெரிந்தால் அம்மாவின் கட்டிலை அங்கே மாற்றுங்கள். கோலத்தை இன்றைக்கே வெயில் வந்த பிறகு போடச் சொல்லுங்கள், அதற்கு மீட்டர் வேண்டாம்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
சரிங்க அண்ணா. கோலத்துக்கு அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார், மார்கழி முடியும் வரைக்கும் நானே போடுகிறேன். இரண்டு மீட்டரையும் வைத்துப் பார்த்துவிட்டு, பின்கட்டில் குறைவு என்றால் கட்டிலை நகர்த்திவிடுகிறேன்.