அவசரம்: இயர்போன் ஒரு பக்கம் சத்தம் கம்மியாகிவிட்டது

பசுந்தவுங்_கீபோர்டு
எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரம் முன்னால் வாங்கிய வயர் இயர்போன், ஒரு பக்கம் சத்தம் கம்மியாகிவிட்டது. முழுக்கப் போகவில்லை, பாதிதான் கேட்கிறது. ஆடி கடைசி வெள்ளிக்குக் கோயிலில் பஜனை, நான்தான் கீபோர்டு, ராத்திரி பிராக்டிஸ் எல்லாம் இதை மாட்டிக்கொண்டுதான். கடைக்காரர் இந்த விலை சாமானுக்கு வாரண்டி எல்லாம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார். சீக்கிரம் சொல்லுங்கள், பத்து மணிக்குக் கரண்டு போய்விடும்.

மோல்மேன்_மணி
எந்தப் பக்கம்? என்ன மாடல்? போனில் நேராகச் செருகுகிறாயா, டாங்கிள் (நடுவில் மாட்டுகிற குட்டி அடாப்டர்) வைத்தா? கேபிள் கழற்றுகிற வகையா, ஒட்டிப் பிறந்ததா? எதுவுமே சொல்லாமல் 'ஒரு பக்கம்' என்றால் சோழி போட்டா பார்க்க முடியும் தம்பி.

தட்டோன்காரன்
லுங்கி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், லுங்கிதான் காரணம். நம்ம பர்மாவில் போனைச் சட்டைப் பையில் வைக்கிறவன் யார்? பின்னால் இடுப்பில் செருகுகிறோம், ஜாக் முதுகுக்கும் லுங்கிக்கும் நடுவே மடங்குகிறது, அப்புறம் டீக்கடையில் அந்தக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தால் இன்னொரு மடி. உள்ளே இருப்பது தலைமுடி மாதிரி கம்பி, எத்தனை நாள் தாங்கும்? இப்படியே நாலு கேபிளைக் கொன்றவன் சொல்கிறேன்.

பெகு_அக்கா
முதலில் காதைப் பார்த்தீர்களா? சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒரு பக்கம் கேட்கவில்லை என்று இரண்டு இயர்போன் வாங்கினார், கடைசியில் ஆஸ்பத்திரியில் காதுக்குள்ளிருந்து புளியங்கொட்டை அளவுக்கு அழுக்கு எடுத்தார்கள். வலது பீஸை இடது காதில் மாட்டிப் பாருங்கள், காசா பணமா.

சவுண்ட்_சித்தப்பா
இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது, ஒருத்தரும் பழைய பதிவுகளைத் தேடிப் படிப்பதில்லை. முதலில் அதை இயர்போன் என்று சொல்லாதே, இன்-இயர் மானிட்டர். மேடையில் இருக்கிறவன் தன் வாசிப்பைத் தானே கேட்பதற்கு வந்த சாமான் அது. 1995-ல் ஜெரி ஹார்வி என்ற சவுண்ட் என்ஜினியர் வான் ஹேலன் குழுவின் டிரம்மருக்குச் செய்து கொடுத்ததில்தான் அல்ட்டிமேட் இயர்ஸ் கம்பெனியே பிறந்தது. இன்றைக்கு இருபது டாலருக்கும் கீழே ஒன்று கிடைக்கிறது என்பதற்காக அதை லுங்கியில் செருகி வைத்தால் அது அழத்தான் செய்யும். கோயில் மைக் செட்டில் இருபது வருஷம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், கேபிளை மாற்றிப் பார்க்காமல் யார் எதைச் சொன்னாலும் நம்பாதே.

பசுந்தவுங்_கீபோர்டு
தம்பி இல்லை அண்ணே, தங்கச்சி. இடது பக்கம். போனில் ஜாக் ஓட்டை இல்லை, டாங்கிள். கேபிள் கழலும், ஊசி மாதிரி இரண்டு பின் இருக்கிற 2-பின் வகை. லுங்கி இல்லை, ஆனால் தமேய்ன் (பெண்கள் கட்டுகிற லுங்கி) இடுப்பில் செருகுவேன், அது உண்மைதான் 😅

மோல்மேன்_மணி
சரி தங்கச்சி, மாடல்?

கேபிள்_பித்தன்
கூட வருகிற கேபிளைத் தூக்கிப் போடுங்கள். வெள்ளி பூசிய எட்டு இழைக் கேபிள் ஒன்று வாங்குங்கள், ஒரு பக்கம் கம்மி என்ற பேச்சே இருக்காது, மேல் ஸ்தாயி திறந்துகொள்ளும். நான் மாற்றிய பிறகு ஜால்ரா சத்தம் தனியாகக் கேட்கிறது.

தட்டோன்காரன்
இதற்குப் போய் ஏன் இவ்வளவு கஷ்டம், புளூடூத் வாங்கினால் கேபிளே வேண்டாமே.

மோல்மேன்_மணி
அண்ணே, அவர் கீபோர்டு வாசிக்கிறார். புளூடூத்தில் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் பிந்தித்தான் காதுக்கு வரும். இங்கே கட்டையை அமுக்கினால் தாளம் அடுத்த தெருவில் விழும். அவருக்கு வயர்தான் சரி.

சவுண்ட்_சித்தப்பா
@கேபிள்_பித்தன் ஜால்ரா சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வெள்ளி தாமிரத்தைவிட மின்சாரத்தைக் கடத்துவதில் ஆறு சதவீதம் போலத்தான் மேல், அதுவும் முழு வெள்ளி என்றால். உம்முடையது பூச்சு. பதினாறு ஓம் மின்தடை உள்ள மானிட்டருக்கு 0.3 ஓம் கேபிள் போட்டால் சத்தம் குறைவது 0.16 டெசிபல். அந்த வித்தியாசத்தை வௌவால்கூடக் கேட்காது.

கேபிள்_பித்தன்
எல்லாமே ஓம் கணக்கில் அடங்காது சித்தப்பா. கேட்டவனுக்குத்தான் தெரியும்.

மோல்மேன்_மணி
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். உள்ளே நாலைந்து ஆர்மேச்சர் (சத்தம் எழுப்புகிற குட்டிக் கருவி) வைத்த பீஸ்களில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஓம் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அவற்றில் கேபிளும் டாங்கிளும் ஓரளவு சத்தத்தின் குணத்தை மாற்றும். தங்கச்சியுடையது அனேகமாக ஒற்றை டைனமிக், அதாவது குட்டி ஸ்பீக்கர் ஒன்றே உள்ள வகை, அதில் ஒன்றும் நடக்காது. எப்படியும் இது அவர் கேட்ட கேள்வி இல்லை.

தங்கச்சி, இப்படிச் செய்யுங்கள். கேபிளை இரண்டு பீஸிலிருந்தும் கழற்றி, இடது கேபிளை வலது பீஸிலும் வலதை இடதிலும் மாட்டுங்கள். பின்னை ஆட்டாமல் நேராக இழுக்க வேண்டும், 0.78 மில்லிமீட்டர்தான், வளைந்தால் போச்சு. மாற்றிய பிறகும் அதே இடது பீஸ்தான் கம்மி என்றால் கோளாறு பீஸில். இப்போது வலது பீஸ் கம்மியாகக் கேட்டால் கேபிளிலோ டாங்கிளிலோ. அது எது என்று தெரிய கீபோர்டிலேயே நேராகச் செருகிப் பாருங்கள், பெரிய ஜாக் ஓட்டையாக இருந்தால் அடாப்டர் வேண்டும். போன் செட்டிங்கில் அணுகல்தன்மைக்குள் இடது வலது பேலன்ஸ் நடுவில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள், எனக்கு ஒரு தடவை அக்கா பையன் நகர்த்தி வைத்துவிட்டு அரை நாள் தேடினேன்.

தட்டோன்காரன்
கரண்டு போயிருக்கும். எங்கள் பக்கமும் இருட்டு.

பசுந்தவுங்_கீபோர்டு (மறுநாள்)
இப்போதுதான் தெருவில் பிள்ளைகள் 'மீலா', கரண்டு வந்துவிட்டது, என்று கத்தினார்கள், ஓடி வந்தேன். மாற்றிப் பார்த்தேன். அதே இடது பீஸ்தான் கம்மி. கீபோர்டிலும் அப்படியே. காது சரியாக இருக்கிறது அக்கா.

பெகு_அக்கா
தங்கச்சி, முகத்துக்குத் தனக்கா, அந்த மரப்பட்டைச் சாந்து, பூசுவீர்களா?

பசுந்தவுங்_கீபோர்டு
தினமும். ஏன் அக்கா?

பெகு_அக்கா
சிலிக்கான் டிப்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து, பீஸில் காதுக்குள் போகிற அந்த மூக்கு நுனியில் இருக்கிற வலையைப் பாருங்கள். என் பெண்ணும் கன்னத்திலிருந்து காது மடல் வரைக்கும் அப்பிக்கொள்வாள். அரைத்துப் பூசியது காய்ந்து பொடியாக உதிரும், மழைக்கால வேர்வையில் மறுபடி குழையும், போய் வலையில் உட்கார்ந்துகொள்ளும்.

சவுண்ட்_சித்தப்பா
தனக்காவா. இருபது வருஷத்தில் இப்படி ஒரு காரணம் கேட்டதில்லை. உள்ளே சத்தம் எழுப்புகிற டிரைவர் போய்விட்டது, வேறு வாங்கச் சொல்லுங்கள்.

பசுந்தவுங்_கீபோர்டு
ஐயோ அக்கா!! வலது வலை சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது, இடது மஞ்சளாக, தரை மெழுகின மாதிரி. ஓட்டையே இல்லை. நான் இடது பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே தூங்கிவிடுவேன், அதனால்தானோ. ஊசியால் குத்தவா?

மோல்மேன்_மணி
ஊசி வேண்டாம்!! வலை கிழிந்தால் பிறகு சத்தம் கூர்மையாகி காதைக் குத்தும், உள்ளே டிரைவரில் ஓட்டை விழுந்தால் முடிந்தது.

தட்டோன்காரன்
அரிசிப் பானையில் ஒரு ராத்திரி போடுங்கள்.

சவுண்ட்_சித்தப்பா
அரிசி மாவு வேறு ஏறட்டும், தனக்காவுக்குத் துணையாக.

மோல்மேன்_மணி
மூக்கு தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடியுங்கள். மெல்லிய பல் தூரிகையை ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, சொட்டக் கூடாது, கீழிருந்து மேலே தொட்டுத் தொட்டு எடுங்கள், ஒவ்வொரு தடவையும் துணியில் துடையுங்கள். மேலே பார்த்தபடி வைத்துத் தேய்த்தால் கரைந்தது உள்ளேதான் போகும். முடிந்ததும் மாத்திரை டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலம் இரண்டோடு மூடி வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். ஹேர் டிரையர் கூடாது, வலையை ஒட்டியிருக்கிற பசை இளகும். வலை உதிர்ந்தே வந்துவிட்டால் பயப்படாதீர்கள், ஒட்டுகிற வட்ட வலை தனியாகவே விற்கிறது, மூக்கின் அகலத்தை அளந்து வாங்க வேண்டும்.

பசுந்தவுங்_கீபோர்டு (அதற்கு மறுநாள்)
சத்தம் வந்துவிட்டது! இரண்டும் ஒரே அளவு. ஆனால் இப்போது பேஸ் சுத்தமாகக் காணோம். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் டப்பா தட்டுகிற மாதிரி இருக்கிறது, பாடுகிறவர் குரல் நடுத்தலையில் நிற்காமல் இரண்டு காதுக்கும் வெளியே எங்கேயோ இருக்கிறது. ஸ்பிரிட் உள்ளே போய்விட்டதா?

கேபிள்_பித்தன்
நான் அப்போதே சொன்னேன், கேபிள்.

சவுண்ட்_சித்தப்பா
இந்தத் தடவை கேபிள்தான், ஆனால் உம்முடைய காரணத்துக்காக இல்லை. அம்மா, ஒரு பக்கம் 2-பின்னைத் தலைகீழாகச் செருகியிருக்கிறாய். பிளஸ் மைனஸ் மாறிவிட்டது. ஒரு டிரைவர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது, கீழ் ஸ்தாயி கரைந்துபோகிறது, நடுவில் நிற்க வேண்டிய குரல் கலைகிறது. காதுக்குப் பின்னால் போகிற அந்த வளைவு இரண்டு பக்கமும் காதின் மேல் சரியாக உட்காருகிறதா பார், எந்தப் பக்கம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதைக் கழற்றித் திருப்பிச் செருகு. டிரைவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பசுந்தவுங்_கீபோர்டு
சரியாகிவிட்டது 🙏 எல்லாருக்கும் நன்றி, பெகு அக்காவுக்குத் தனியாக. கரண்டு போகப்போகிறது.

பெகு_அக்கா
இனிமேல் தூங்கப் போகும்போது முகம் கழுவிவிட்டு மாட்டுங்கள் தங்கச்சி.

சவுண்ட்_சித்தப்பா
தனக்கா விஷயத்தில் அக்கா சொன்னதுதான் சரி. டிரைவர் என்று நான் சொன்னது அவசரம்.

கேபிள்_பித்தன்
அந்த 0.16 டெசிபலை எந்தக் காது வைத்து அளந்தீர்கள் சித்தப்பா?

தட்டோன்காரன்
ஆரம்பித்துவிட்டார்கள்.

மோல்மேன்_மணி
எல்லாம் சரி, அது என்ன மாடல் என்று கடைசி வரைக்கும் அந்தப் பெண் சொல்லவே இல்லையே?