இரு மைய செஃப்: க்வின்சியிலிருந்து நேராக ஸ்குவிட் பதிப்புக்குப் போகலாமா?

கேள்வி: ஓமேப்தலைவலி

அனைவருக்கும் வணக்கம். ஸ்கேன் செய்த ஆவணங்களைச் சேமிப்பதற்காக எங்கள் நிறுவனம் இரண்டு தரவு மையங்களில் செஃப் என்ற சேமிப்பு மென்பொருளின் ஆப்ஜெக்ட் கேட்வேயை (கோப்புகளை ஆப்ஜெக்ட்டுகளாக ஏற்றவும் எடுக்கவும் உதவும் வாயில்) மல்டிசைட் முறையில், அதாவது ஒரு மையத்தில் உள்ளவை மற்றதிலும் நகலாகும்படி, இயக்கி வருகிறது. இப்போது இருப்பது செஃபின் க்வின்சி பதிப்பு, 17.2. ஒரே பக்கெட்டில் (ஆப்ஜெக்ட்டுகளைப் போடும் தொகுப்பு) 4 கோடி ஆப்ஜெக்ட்டுகள் சேர்ந்துவிட்டன. அதன் இண்டெக்ஸ் (உள்ளடக்கப் பட்டியல்) தொடக்கத்தில் இருந்த 11 ஷார்டுகளிலேயே (துண்டுகளிலேயே) நிற்பதால், ஒரு துண்டில் பதிவுகள் அளவுக்கு மீறிவிட்டன என்னும் ‘லார்ஜ் ஓமேப்’ எச்சரிக்கை பல மாதங்களாக மறையவில்லை. க்வின்சியில் மல்டிசைட் பக்கெட்டை ரீஷார்டு செய்ய (இண்டெக்ஸைக் கூடுதல் துண்டுகளாகப் பிரிக்க) வேண்டுமானால் கேட்வேக்களை நிறுத்தி, இரண்டாம் மையத்தில் அந்தப் பக்கெட்டையே அழித்துவிட்டு, முழுவதையும் மறுபடி நகலெடுக்க வேண்டும். அதில் கை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

2024 செப்டம்பரில் வெளிவந்த ஸ்குவிட், 19.2, இதைத் தீர்க்கும் என்று சொல்கிறார்கள். இடையில் உள்ள ரீஃப் பதிப்பைத் தாண்டி நேராகப் போகலாமா? போனபின் ரீஷார்டிங் தானாகவே தொடங்கிவிடுமா? புதிய ‘யூசர் அக்கவுண்ட்ஸ்’ வசதிக்கு மாறுவது பயன் தருமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: இரவுப்பணியாளர்

நேராகப் போகலாம். செஃப் இரண்டு பதிப்புகள் வரை தாண்டிச் செல்ல இடம் தருகிறது. ஆனால் கிளஸ்டர் பழையது என்றால், ஃபைல்ஸ்டோர் என்ற பழைய சேமிப்பு முறையில் இயங்கும் ஓஎஸ்டி (வட்டைக் கவனிக்கும் செயல்முறை) ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரீஃப் பதிப்பிலிருந்தே ஃபைல்ஸ்டோருக்கு ஆதரவு கிடையாது. அவற்றையெல்லாம் புளூஸ்டோர் என்ற புதிய முறைக்கு மாற்றிய பிறகுதான் மேம்படுத்தலைத் தொடங்க வேண்டும்.

மல்டிசைட்டில் ரீஷார்டிங் என்பது உண்மையில் ரீஃபில் வந்த வசதி. புதிதாக நிறுவுவோருக்கு அது இயல்பாகவே இயங்கும். உங்களைப் போல் பழைய பதிப்பிலிருந்து வருவோருக்கு இயங்காது. இரு மையங்களிலும் உள்ள எல்லா ஓஎஸ்டிகளும் கேட்வேக்களும் புதிய பதிப்புக்கு வந்தபின், ஒவ்வொரு சோனிலும் (ஒரு மையத்தின் கேட்வே அமைப்பு) ரீஷார்டிங் வசதிக்கு ஆதரவு உண்டு என்று குறித்து, பிறகு சோன்குரூப்பில் (சோன்களின் தொகுப்பு) அதை இயக்கி, கடைசியில் பீரியடை கமிட் செய்ய வேண்டும், அதாவது மாற்றிய அமைப்பை எல்லா மையங்களுக்கும் வெளியிட வேண்டும். நான் முதல்முறை செய்தபோது அந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு, எதுவுமே நடக்கவில்லையே என்று ஒரு முழு இரவு லாக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 4 கோடியை 11 ஆல் வகுத்தால் ஒரு ஷார்டுக்கு ஏறத்தாழ 36 லட்சம் பதிவுகள் வருகின்றன. செஃப் எதிர்பார்ப்பது ஷார்டுக்கு 1 லட்சம். 2 லட்சத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். ஆகவே உங்களுக்குக் குறைந்தது 400 ஷார்டுகள் தேவை. தானாக நடக்கும் டைனமிக் ரீஷார்டிங்கிடம் விட்டால் நேரத்தை அதுவே முடிவுசெய்யும் என்பதால், இவ்வளவு பெரிய முதல் பாய்ச்சலை அதனிடம் விடாமல், அதை அணைத்து வைத்துவிட்டு, போக்குவரத்து குறைந்த இரவில் நீங்களே எண்ணைக் கொடுத்துச் செய்வதே நல்லது என்பது என் கருத்து. நீங்கள் கொடுக்கும் கட்டளை அந்த சோனின் பக்கெட்டை மட்டுமே மாற்றும். அடுத்த மையத்தில் தனியாகச் செய்ய வேண்டும். இரு மையங்களிலும் ஷார்டு எண்ணிக்கை வேறுபட்டாலும் நகலெடுப்பு தடைபடாது.

ரீஷார்டிங் நடக்கும்போது அந்தப் பக்கெட்டில் எழுதுவது நிறுத்தி வைக்கப்படும். 2025 நவம்பரில் வந்த டென்டக்கிள் பதிப்பில் பெரும்பாலான வேலை எழுத்தைத் தடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆனால் க்வின்சியிலிருந்து அதற்கு நேராகப் போக முடியாது.

பதில் 2: சாவிக்கொத்து

அக்கவுண்ட்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். இதுவரை பக்கெட்டுகள் தனித்தனிப் பயனருக்கே சொந்தமாக இருந்தன. ஒரு செயலியைக் கைவிட்டாலும் அதன் பயனரை வைத்திருக்க வேண்டிய நிலை இருந்தது. ஸ்குவிடில் பக்கெட் அக்கவுண்டுக்குச் சொந்தமாகிறது. அதன் ரூட் பயனர் அமேசானின் ஐஏஎம் ஏபிஐ (பயனர்களையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் இடைமுகம்) வழியாகத் தன் குழுவுக்கான பயனர்கள், அணுகல் சாவிகள், குழுக்கள், ரோல்கள் ஆகியவற்றைத் தானே உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு சாவிக்காக நிர்வாகிக்கு டிக்கெட் போட்டுக் காத்திருந்த காலம் இதனால் முடிகிறது.

ஆயினும், ஏற்கெனவே உள்ள பயனரை அக்கவுண்டில் சேர்ப்பது திரும்பப் பெற முடியாத செயல். சேர்த்த கணத்தில் அவருடைய பக்கெட்டுகளின் உரிமை அக்கவுண்டுக்குப் போய்விடும். அக்கவுண்ட் பயனருக்கு இயல்பாக எந்த அனுமதியும் இல்லாததால், ஐஏஎம் பாலிசி ஒன்றை இணைக்கும்வரை அந்தச் செயலி கதவுக்கு வெளியேதான் நிற்கும். பக்கெட் நோட்டிஃபிகேஷன் (பக்கெட்டில் நடக்கும் மாற்றங்களை அறிவிக்கும் வசதி) பயன்படுத்தினால் இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த அறிவிப்புகள் செல்லும் டாபிக்குகளின் உரிமை அக்கவுண்டுக்கு மாறாது. எனவே மாறியபின் அவற்றை அக்கவுண்டுக்குள் புதிதாக உருவாக்க வேண்டும். நான் சோதனைப் பயனர் ஒருவரை வைத்து இவை அனைத்தையும் ஓட்டிப் பார்த்த பிறகே உண்மையான பயனர்களைத் தொட்டேன். நீங்களும் ரீஷார்டிங்கையும் இதையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம்.

பதில் 3: வட்டுக்காவலன்

சர்வர் பக்கக் குறியாக்கம் பயன்படுத்துகிறீர்களா? பழைய பதிப்புகளில், குறியாக்கத்துடன் மல்டிபார்ட் முறையில் (பகுதி பகுதியாக) ஏற்றிய ஆப்ஜெக்ட்டுகளின் நகல்கள் மறுமையத்தில் குறிநீக்கும்போது சிதைந்துவிடும். புதிய பதிப்பு இனி ஏற்றுபவற்றைச் சரியாக நகலெடுக்கும். பழைய நகல்கள் தாமாகச் சரியாகா. அவற்றைக் கண்டறியத் தனிக் கட்டளை உள்ளது. அது அந்த ஆப்ஜெக்ட்டுகளின் கடைசி மாற்ற நேரத்தை 1 நானோவினாடி கூட்டும்; அதனால் அடுத்த மையம் அவற்றை மீண்டும் எடுத்துக்கொள்ளும். பல கோடி ஆப்ஜெக்ட்டுகள் என்றால் இணைப்பின் அகலத்தை முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஓமேப்தலைவலி

மூவருக்கும் நன்றி. ஃபைல்ஸ்டோரில் 2 ஓஎஸ்டிகள் மிச்சம் இருந்தன. அவற்றை மாற்றிவிட்டு ஸ்குவிடுக்கு வந்தோம். நேற்று இரவு முதல் மையத்தில் 401 ஷார்டுகளுக்கு ரீஷார்டிங் முடிந்தது, நகலெடுப்பும் சீராக நடக்கிறது. அக்கவுண்ட்ஸை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டோம். ஆனால் இன்று காலையிலும் ‘லார்ஜ் ஓமேப்’ எச்சரிக்கை அப்படியே இருக்கிறதே?

இரவுப்பணியாளர்

அந்த எண்ணிக்கையை டீப் ஸ்க்ரப் (சேமித்த தரவை ஆழமாகச் சரிபார்க்கும் பணி) மட்டுமே புதுப்பிக்கும். எச்சரிக்கையில் குறிப்பிட்ட பிஜிக்களுக்கு (செஃப் ஆப்ஜெக்ட்டுகளைப் பிரித்து வைக்கும் குழுக்கள்) நீங்களே டீப் ஸ்க்ரப் கட்டளையைக் கொடுங்கள். அது முடிந்ததும் எச்சரிக்கை பொதுவாகப் போய்விடும்.