பொருள் வாங்கித் தருகிறார்கள், சம்பளம் மட்டும் மாட்டேன் என்கிறார்கள். எப்படி எழுதிக் கேட்பது?

குடந்தை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேரப் பள்ளி ஒன்றை டிரஸ்டாக நடத்துகிறோம். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் தாராசுரம் நெசவுக் குடும்பங்கள். காலையில் பிள்ளையை எங்களிடம் விட்டால்தான் அந்த வீட்டில் தறி ஓடும்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தின் அறக்கட்டளை பிசியோதெரபி சாமான்கள் அத்தனையும் வாங்கித் தந்தது. பேரலல் பார், பெரிய பந்துகள், ஸ்டாண்டிங் ஃப்ரேம். எல்லாவற்றிலும் அவர்கள் பெயர் ஒட்டியிருக்கிறது. தெரபிஸ்ட்டுக்குச் சம்பளம் கேட்டதற்கு மட்டும், "அது எங்கள் கொள்கையில் இல்லை" என்றார்கள். அந்தப் பெண் எவ்வளவு நாள்தான் குறைந்த பணத்துக்கு வேலை பார்ப்பார்? தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

எங்களிடம் பத்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். ஃப்ரேமில் வார் கட்டி நிறுத்தினால் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பான். பார்க்கப் பார்க்கக் கழுத்து தானாக நிமிரும். எந்த வாரை எவ்வளவு இறுக்குவது, எத்தனை நிமிஷம் நிறுத்துவது என்பதெல்லாம் அந்தத் தெரபிஸ்ட்டுக்குத்தான் தெரியும். அவர் போனபின் அவனை நாங்கள் நிறுத்துவதில்லை, பயமாக இருக்கிறது. அவன் ஃப்ரேமையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது வேறொரு அறக்கட்டளை திட்ட அறிக்கை கேட்டிருக்கிறது. "சி.எஸ்.ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்கும் பணம்) விதிப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சம்பளம் அதில்தான் வரும்" என்கிறார்கள். இது சரியா? வரிச்சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், சி.எஸ்.ஆர் பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு, மூன்றும் எங்களிடம் இருக்கிறது.

தஞ்சை ஆடிட்டர்:

அம்மா, சரியில்லை. அந்த 5 சதவீதம், கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர் வேலையை நிர்வகிக்கத் தானே செய்துகொள்ளும் செலவுக்கான வரம்பு. நீங்கள் களத்தில் செய்யும் வேலைக்கு ஆகும் செலவு திட்டச் செலவு. கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட்டில் கேள்வி-பதிலாக ஒரு சுற்றறிக்கை போட்டது. கல்வித் திட்டம் என்றால் ஆசிரியர் சம்பளமும் பயிற்சியும் திட்டச் செலவுதான் என்று அதிலேயே உதாரணம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அறிக்கையோடு இணையுங்கள், வாதாடவே வேண்டாம். சிறப்புக் கல்வி என்பது கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலும் பெயர் சொல்லியே வருகிறது.

பட்ஜெட்டில் "சம்பளம்" என்று மொத்தமாக ஒரே வரி போட்டால் படிப்பவர் கண் அங்கேயே நின்றுவிடும். "சிகிச்சையும் கற்பித்தலும்" என்று தலைப்புப் போட்டு, தெரபிஸ்ட்டின் தகுதி, சிறப்பு ஆசிரியரின் ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண், ஒவ்வொருவரிடமும் எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். கணக்கு எழுதுபவர், வாட்ச்மேன் சம்பளத்தைத் தனியாகக் காட்டுங்கள்.

ஒரு வருஷத்துக்கு மட்டும் கேட்காதீர்கள். "தொடர் திட்டம்" என்று கேட்டால், ஆரம்பித்த நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை போகலாம். அந்த வருஷம் செலவாகாத பணத்தைக் கம்பெனி மார்ச் முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்துக்கே செலவிடலாம்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர்கள் தருவது கம்பெனியின் சி.எஸ்.ஆர் பணமா, குடும்பத்தின் சொந்தப் பணமா? சொந்தப் பணம் என்றால் இந்த விதியே அங்கே கிடையாது.

நாகை கடற்கரை:

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் படகும் வலையுமாக வந்து குவிந்ததைப் பார்த்தவன் நான். கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குப் பணம் தாராளமாக வந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச ஆள் வைக்க வேண்டும் என்றால் பேச்சு நின்றுவிடும். நீங்கள் விடாதீர்கள் அக்கா.

பெரிய கோயில் தெரு:

தானம் கொடுப்பவன் சம்பளத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது நம் ஊரில் ஆயிரம் வருஷப் பழக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று ராஜராஜன் பங்கு எழுதி வைத்திருக்கிறான். கணக்கர், தையற்காரர் வரைக்கும் பங்கு உண்டு. கோயிலைக் கட்டியதோடு அவன் நிறுத்தவில்லை.

இன்னொரு விஷயம். டெல்டாவில் பெரிய கம்பெனிகள் குறைவு. "எங்கள் ஆலை இருக்கும் ஊருக்குத்தான் தருவோம்" என்று ஓசூர், கோயம்புத்தூர்க் கம்பெனிகள் சொல்லக்கூடும். உள்ளூருக்கு முன்னுரிமை என்பது வழிகாட்டல்தான், கட்டாயம் இல்லை என்று ஆடிட்டர் சார் சொன்ன அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. அதையும் இணையுங்கள்.

குடந்தை டீச்சர்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. போன் போட்டுக் கேட்டேன், சி.எஸ்.ஆர் பணம்தானாம். பழைய தெரபிஸ்ட்டிடமும் பேசினேன். மூன்று வருஷம் உறுதி என்றால் திரும்பி வருகிறேன் என்கிறார். ஆடிட்டர் சார், வருஷா வருஷம் சம்பள உயர்வையும் பட்ஜெட்டில் சேர்க்கலாமா?

தஞ்சை ஆடிட்டர்:

சேருங்கள் அம்மா. எந்த வருஷம் எவ்வளவு என்று முதல் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.