கோவில்பட்டி – கன்னியாகுமரி, ஆடிக்காற்றில் இருவர் சைக்கிளில்: எப்படி ஓட்டுவது?

வைகைக்கரை:
வணக்கம். ஜூலை கடைசி வாரம் நானும் நண்பனும் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் போறோம். முதல் நாள் கோவில்பட்டி வரை 100 கி.மீ., அதில் சந்தேகம் இல்லை. இரண்டாம் நாள்தான் யோசனை. நான்குவழிச் சாலையிலேயே திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வழியாக ஏறத்தாழ 140 கி.மீ. என்னோடது ரோடு பைக் (வேகத்துக்கான சைக்கிள்), 28 மி.மீ. டயர். அவனோடது ஹைப்ரிட் (ரோடு பைக்குக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்டது), 35 மி.மீ. டயர், பின் கேரியரில் 8 கிலோ பை. சமதளத்தில் நான் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால் அவன் 20-ல் வருவான். எத்தனை மணிக்குக் கிளம்பணும், இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்து ஓட்டணும், என்னென்ன எடுத்துக்கணும்?

கரிசல்மண்:
காலை 5 மணிக்கு லைட் போட்டுக் கிளம்பிடுங்க. அந்த வழியில் காற்று இரண்டு இடத்தில் பலமா இருக்கும். ஒண்ணு கயத்தாறு, செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காற்று. இன்னொண்ணு பணகுடியிலிருந்து காவல்கிணறு தாண்டும் வரை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. இரண்டு பக்கமும் காற்றாலை நிக்கிறதே அதனாலதான். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். 5 மணிக்குக் கிளம்பினால் கயத்தாறை 7 மணிக்குள் தாண்டிடலாம். பணகுடிக்கு எப்படியும் உச்சிவெயில்தான். அதனால் அங்கே வேகத்தை 14–15 என்று வச்சே கணக்குப் போடுங்க.

தெற்கே போகும்போது காற்று மேற்கிலிருந்து, அதாவது உங்க வலப்பக்கம், அடிக்கும். நேர் பின்னால் ஒட்டிக்கிட்டா காற்றிலிருந்து மறைவு கிடைக்காது. மறைவு விழுவது முன்னால் போறவருக்குப் பின்னால் இடப்பக்கம். நீங்க முன்னால், ஷோல்டரில் (லேனுக்கு வெளியே உள்ள சாலையோரத்தில்), வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் ஓரடி தள்ளிப் போங்க. நண்பர் உங்க பின்சக்கரத்துக்கு இடப்புறம் சற்றுப் பின்னால் வரட்டும். பக்கவாட்டில் இரண்டடி இடைவெளி கட்டாயம். அவரது முன்சக்கரம் உங்க பின்சக்கரத்தில் உரசினால் விழுவது அவர்தான். ஷோல்டர் குறுகினாலோ மண் மூடிக் கிடந்தாலோ, இந்த அமைப்பை விட்டுட்டு 10 மீட்டர் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவரா போயிடுங்க. மறைவு வேணும்னு லாரி ஓடுற லேனுக்குள் போகவே கூடாது.

முன்னால் போற முறையை மாத்தும்போது வேகத்தை மாத்தாதீங்க. நண்பர் முன்னால் வந்தால் அவர் 17-ல் போகட்டும், நீங்களும் 17. நீங்க முன்னால் போனாலும் அதே 17 தான், ஆனா நேரம் கூட. அவர் ஒரு கி.மீ. முன்னால் இருந்து இழுத்தால் நீங்க நாலு கி.மீ. இழுங்க. வலுவானவர் வேகமா இழுத்தால் பின்னால் இருப்பவர் விட்டுப்போவார். விட்டுப்போன பிறகு அவருக்கு மறைவே இல்லை, முழுக் காற்றையும் தனியா வாங்குவார்.

காவல்கிணற்றில் வலப்பக்கம் நாகர்கோவில் ரோட்டில் திரும்பிடாதீங்க. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்க்க ஆசையா இருக்கும். ஆனா அது கணவாய்க்குள்ளேயே போற ரோடு, எதிர்க்காற்று. நேரே போனால் கன்னியாகுமரி இன்னும் 25 கி.மீ. தான்.

சக்கரம்_கோட்டம்:
அண்ணன் சொன்னதோட மற்றதைச் சேர்க்கிறேன்.

பஞ்சர்: ஷோல்டரில் லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பித் துணுக்கு நிறைய கிடக்கும். தலைமுடி கனம்தான் இருக்கும், டயருக்குள் புதைஞ்சா கண்ணுக்குத் தெரியாது. ட்யூபை மட்டும் மாத்தி ஏத்தினால் இரண்டு கி.மீ.யில் மறுபடி இறங்கும். ட்யூபுக்குக் கொஞ்சம் காற்றடிச்சு ஓட்டையைக் கண்டுபிடிச்சு, வால்விலிருந்து அது எவ்வளவு தூரம்னு டயர் மேல வச்சுப் பாருங்க. அந்த இடத்தில் டயர் உள்பக்கம் பருத்தித் துணியைத் தேயுங்க, கம்பி முனை நூலை இழுத்துக் காட்டிக்கொடுக்கும். நகவெட்டியால் பிடுங்கிடலாம். மரத்தடியில் ஓரங்கட்டும்போது சீமைக் கருவேல முள்ளையும் பாருங்க.

ஆளுக்கு இரண்டு ட்யூப் அவரவர் அளவில். 28-க்கான ட்யூபை 35-ல் போட்டால் அதிகமா இழுபட்டு மெலிஞ்சிடும். உங்க வால்வு பிரெஸ்டாவா (மெல்லிய, நீளமான வகை) இருந்தால் பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்க பித்தளை அடாப்டர் ஒண்ணு வேணும். அதோட ஒரு கைப்பம்பு, டயர் லீவர், ஆலன் கீ செட், ஸ்போக் கீ (சக்கரக் கம்பியை முறுக்க), செயின் குவிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்க).

நண்பர் வண்டியில் 8 கிலோவும் பின்சக்கரத்தில் நிக்குது. கிளம்பும் முன் செயின் பக்கத்து ஸ்போக்குகளை ஜோடி ஜோடியா அமுக்கிப் பாருங்க. ஒண்ணு தொளதொளன்னு இருந்தால் அதோட பாரம் பக்கத்து ஸ்போக்குக்குப் போய் அது உடையும். பையைக் கேரியர் மேல உயரமா கட்டாம, முடிஞ்சவரை இரண்டு பக்கமும் தாழ்வா தொங்க விடுங்க. காற்றுக்கு அது நல்லது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு 750 மி.லி. பாட்டில், கேரியரில் ஒரு லிட்டர் கூடுதல். காற்று வியர்வையை உடனே உலர்த்திடும், அதனால் வியர்க்கலைன்னு தோணும். தாகத்துக்குக் காத்திராம மணிக்கு அரை லிட்டராவது குடிங்க. ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்கணும், 750-ல் கரைக்கக் கூடாது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிடுங்க. பையில் உருகாது, உடையாது. ஆனா அது மட்டும் போதாது, வாழைப்பழம் வேணும். காலைச் சாப்பாடு நெல்லை பைபாஸில் இட்லியோடு முடிச்சிடுங்க, பரோட்டா வேண்டாம்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். பக்கக் காற்றில் லாரி கடக்கும்போது வண்டி ஆடும்னு சொல்றாங்களே, எந்தப் பக்கம் இழுக்கும்?

கரிசல்மண்:
இரண்டு பக்கமும், ஒன்றன்பின் ஒன்றா. காற்றுக்கு எதிரா நீங்க வலப்பக்கம் லேசா சாய்ஞ்சே ஓட்டிட்டிருப்பீங்க. லாரி பக்கத்தில் வந்ததும் காற்று சட்டென அறுந்துபோகும். அந்தச் சாய்வு உங்களை லாரியை நோக்கித் தள்ளும். அது கடந்ததும் காற்று மொத்தமா திரும்ப அடிச்சு இடப்பக்கம் தள்ளும். ஆபத்து முதல் தள்ளலில்தான். பின்னால் சத்தம் கேட்டதுமே கோட்டிலிருந்து மூணடி இடப்பக்கம் வந்துடுங்க. நண்பர் பக்கத்தில் இருந்தா அதுக்கு இடம் இருக்காது, அதனால் முதலில் அவர் பின்வாங்கி நேர் பின்னால் வரணும். சத்தம் அவருக்குத்தான் முதலில் கேட்கும், ‘லாரி’ன்னு குரல் கொடுக்கிறதும் அவர் வேலை. முழங்கையை மடக்கி, ஹேண்டில்பாரை இறுக்காம, பெடலை விடாம மிதிங்க.

மேம்பாலம் வந்தால் மேலே ஏறாதீங்க. பாலத்தில் ஷோல்டர் இல்லாம போயிடும், காற்றும் மேலேதான் அதிகம். கீழே சர்வீஸ் ரோட்டில் போங்க. எதிரில் வர்ற பைக்கும் ஆடுமாடும் இருக்கும், பார்த்துப் போனால் போதும்.

சக்கரம்_கோட்டம்:
ஒண்ணு விட்டுட்டேன். ரெயின்கோட், சால்வை எதையும் பை மேல சொருகாதீங்க. பணகுடிக் காற்றில் அவிழ்ந்தா நேரா செயினுக்குள்தான் போகும்.