அம்பாசடர் கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்? ரெண்டாம் கியர் கரகரக்குது

கேள்வி – நாகர்கோவில்
அப்பாவோட 1978 அம்பாசடர். பழைய பெட்ரோல் எஞ்சின், கியர் லீவர் ஸ்டியரிங் பக்கத்தில். போன மாசம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் ரெண்டுக்கும் ஒரே கேனிலிருந்து 80டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு மூணிலிருந்து ரெண்டுக்கு இறக்கினால் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். காலையில் அதிகம், தக்கலை வரை ஓட்டினால் குறைந்துவிடுகிறது. கேட்டால், “90ன்னா 90தான் சார், வண்டிக்கு வயசாச்சு” என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் – தக்கலை
ஒரே கேன் என்றீர்களே, அதுதான் விஷயம். 90 என்பது ஆயிலின் தடிமன் மட்டும். உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதை ஜிஎல் நம்பர்தான் சொல்லும். பின் ஆக்ஸிலில் கிரவுன், பினியன் என்ற ரெண்டு பல்சக்கரமும் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி உரசும், ஹைபாய்டு பல் என்பார்கள். கந்தக, பாஸ்பரஸ் மருந்து அதிகமாக உள்ள ஜிஎல்-5 அங்கே வேண்டும். கியர் பாக்ஸில் வேலையே வேறு. பித்தளை சின்க்ரோ ரிங் கியரின் கூம்பைக் கவ்விப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்தணும். ஆயில் ரொம்ப வழுக்கினால் பிடி கிடைக்காது, பல் மோதும். ஜிஎல்-5 பித்தளையைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். சூடும் நாளும் சேர்ந்தால் அரிப்பு வரலாம், ஒரு மாசத்தில் ரிங் கரையாது. ஜிஎல்-4 என்று மட்டும் போட்ட 80டபிள்யூ-90 வாங்குங்கள். ‘ஜிஎல்-4/ஜிஎல்-5’ என்று ரெண்டும் சேர்த்துப் போட்ட கேன் வேண்டாம், பெரும்பாலும் அது ஜிஎல்-5தான்.

பதில் – மார்த்தாண்டம்
ஆயிலுக்குக் காசு போடும் முன் கிளட்சைப் பாத்துக்கிடுங்க. வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே கிளட்சை முழுசா மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அதற்குச் சின்க்ரோ கிடையாது. அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுசா விடவில்லை, எந்த ஆயிலும் உதவாது. பர்ஸ்ட் கியருக்கும் சின்க்ரோ இல்லை, ஓட்டத்தில் அதைப் போட்டுப் பார்த்துக் குழம்பாதீங்க.

பதில் – குலசேகரம்
இந்த எஞ்சின் பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனியின் பி-சீரிஸ். அதே குடும்பத்து எஞ்சின் உள்ள எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் கியர் பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில்தான், 20டபிள்யூ-50. நம்பரைப் பார்த்து மிரள வேண்டாம். கியர் ஆயிலுக்கு வேறு அளவுகோல், அதில் 90 கிட்டத்தட்ட எஞ்சின் ஆயில் 40, 50 தடிமன்தான்.

பதில் – தக்கலை
அண்ணே சொல்வது சரி, ஆனா அது எம்ஜிபி. இவர் தன் வண்டிக் கையேட்டில் போட்டிருப்பதைத்தான் ஊற்றணும். 1992க்குப் பிறகு வந்த இசுசூ எஞ்சின் அம்பாசடருக்கு கியர் பாக்ஸே வேறு, அவர்கள் இந்த இழையைப் பார்த்து ஊற்ற வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. கையேட்டில் 90 என்றுதான் இருக்கிறது. அப்போ ஜிஎல்-4 மாற்றிவிடுகிறேன்.

பதில் – மார்த்தாண்டம்
கிளட்ச் தப்பிச்சுது. கொஞ்சம் ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். முதலில் ஊற்றும் துளையின் பிளக் கழன்று வருகிறதா என்று பாருங்கள், பிறகுதான் கீழ் பிளக். மேலே மாட்டிக்கொண்டால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்பீர்கள். இறங்கிய ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் பாருங்கள். தங்கத்தூள் மாதிரி மின்னினால் அது ரிங் தேய்ந்த பித்தளை. லேசாக என்றால் விட்டுவிடலாம், விரல் முழுக்க மின்னினால் ஆயில் மாற்றியும் ரெண்டாம் கியர் தொல்லை தரும், பாக்ஸை இறக்கணும்.

கேள்வி கேட்டவர்
மாற்றிவிட்டேன். விரலில் லேசாகத்தான் மின்னியது. காலையில் முதல் ஒன்றிரண்டு தடவை மட்டும் மெதுவாக இழுத்துப் போடணும், மற்றபடி சத்தம் இல்லை. பின் ஆக்ஸிலில் இருக்கும் ஜிஎல்-5ஐயும் மாற்றணுமா?

பதில் – தக்கலை
வேண்டாம் தம்பி, அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கு.