உதவி: ஓடும்போது பற்றரி ஏறுகிறது, முகாமில் மின்சாரம் கொழுவினால் ஏறவில்லை

ஸ்காபரோவாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் ஒரு பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) இருக்கிறது. இந்த வருடம் வெளியே எடுத்ததிலிருந்து உள்விளக்குகள் இரவு பத்து மணிக்குள் மங்கிவிடுகின்றன. முகாமின் மின்கம்பத்தில் வயரைக் கொழுவியிருந்தாலும் இதே நிலைதான், ஆனால் மைக்ரோவேவ் மட்டும் குறையில்லாமல் வேலை செய்கிறது. மறுநாள் வண்டியை ஓட்டிவிட்டு வந்தால் விளக்குகள் மீண்டும் நன்றாக எரிகின்றன. பற்றரி பழையதல்ல. வெள்ளிக்கிழமை பிள்ளைகளுடன் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போக வேண்டும். என்ன பிழையாக இருக்கலாம்?

பழையவண்டி:
பழையது என்றால் 1985ஆம் ஆண்டா, 2005ஆம் ஆண்டா? எந்த வாகனத்தின் மேல் கட்டியது? முகாம் இணைப்பு 30 அம்பியரா, 50 அம்பியரா? பற்றரியின் இரு முனைகளிலும் மீற்றர் வைத்துப் பார்த்தீர்களா? இவை தெரியாமல் நாங்கள் ஆளுக்கொரு சாத்திரம்தான் சொல்ல முடியும்.

சூரியத்தகடு:
பேட்டரி போய்விட்டது, அவ்வளவுதான். ஈய அமில பேட்டரியை இன்னும் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் ஒன்றையும் கூரைமேல் இரண்டு சூரியத் தகடுகளையும் போட்டுவிட்டால் மின்கம்பத்தைத் தேட வேண்டிய அவசியமே இராது.

கோவை மின்பணியாளர்:
ஐயா, எனக்கு இது எர்த் கோளாறு போலத் தெரிகிறது. உங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் மைனஸ் கம்பி பூட்டிய இடம் துருப்பிடித்திருந்தால் கரண்ட் திரும்பி வர வழியிருக்காது. அந்தப் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துப் பூட்டிப் பாருங்கள்.

செம்புக்கம்பி:
வாரம் ஒருவராவது மோட்டார்ஹோமுக்குள் இரண்டு தனித்தனி மின்னமைப்புகள் இருப்பது தெரியாமல் கேள்வி கேட்க வருகிறார்கள். மின்கம்பத்திலிருந்து வருவது 120 வோல்ட் மாறுமின்சாரம். மைக்ரோவேவும் சுவர்ச் சாக்கெட்டுகளும் அதில் ஓடுகின்றன. விளக்கு, தண்ணீர்ப் பம்பு, ஹீட்டரின் விசிறி ஆகியவை 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. முதலாவதை இரண்டாவதாக மாற்றி, வீட்டுப் பேட்டரியையும், அதாவது எஞ்சினுக்கு அல்லாமல் உள்விளக்கு முதலியவற்றுக்கான பேட்டரியையும், ஏற்றுவதற்குத்தான் கன்வெர்ட்டர் என்ற பெட்டி இருக்கிறது. இது தெரியாதவர் பேனலைத் திறக்காமல் இருப்பதே நல்லது. இதையும் சொல்லி வைக்கிறேன்: 30 ஆம்பியர் முகாம் சாக்கெட்டை வீட்டில் வைக்க ஆள் கூப்பிட்டால், துணி உலர்த்தும் இயந்திரத்தின் சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கருகிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்காபரோவாசி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். 1999ஆம் ஆண்டு வண்டி, போர்ட் ஈ-350 வானின் மேல் கட்டியது, 30 அம்பியர் இணைப்பு. கன்வெர்ட்டரை முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார். புதியது கட்டிலுக்கு அடியில் தனிப் பெட்டியாக இருக்கிறது. இன்று மீற்றர் வைத்துப் பார்த்தேன். வீட்டுப் பற்றரியில் மின்சாரம் கொழுவாதபோது 11.9 வோல்ற், கொழுவியபோதும் 11.9 வோல்ற். எஞ்சினை இயக்கியபோது 14.1 வோல்ற்.

பழையவண்டி:
இந்த மூன்று எண்களை முதலிலேயே தந்திருந்தால் பாதித் தூரம் வந்திருப்போம். எஞ்சின் ஓடும்போது வீட்டுப் பற்றரியில் 14.1 வருகிறது என்றால், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்ற்றனேற்றரும், இரு பற்றரிகளையும் இணைக்கும் ஐசொலேற்றரும், சேஸிஸ் வழியாகத் திரும்பும் பாதையும் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆகவே கோவை ஐயா சொன்ன துரு இங்கே குற்றவாளி அல்ல. மின்கம்பத்தில் கொழுவியதும் 13.6 அளவுக்கு ஏற வேண்டிய எண் அசையாமல் நிற்கிறது. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, அல்லது வேலை செய்தும் அதன் மின்சாரம் பற்றரிக்குப் போய்ச் சேரவில்லை. விளக்குகள் வெறும் பற்றரியில் எரிந்து தீர்கின்றன. நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன்: குளிர்காலத்தில் பற்றரியைக் கழற்றினீர்களா? திரும்பப் பூட்டியது யார்?

ஸ்காபரோவாசி:
ஆம் அண்ணா. உறைந்துவிடும் என்று பயந்து பற்றரியைக் கழற்றி நிலவறையில் வைத்திருந்தேன், மே மாதம் நானே பூட்டினேன். ஒரு கறுப்பு வயரும் ஒரு வெள்ளை வயரும் இருந்தன. கறுப்பு மைனஸ்தானே என்று நினைத்து அப்படிக் கொழுவியவுடன் ஒரு பொறி பறந்தது. உடனே மாற்றிக் கொழுவினேன், விளக்குகள் எரிந்தன. அதனால் இதைக் குறிப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை.

செம்புக்கம்பி:
குறிப்பிட வேண்டும் என்று தோன்றவில்லையாம்.

கோவை மின்பணியாளர்:
அவரைக் குறை சொல்லாதீர்கள். இருபத்தைந்து வருடங்களாக வயரிங் செய்கிறேன். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கறுப்பு வயரைப் பிளஸில் கொடுக்கும் ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். தப்பு வண்டியைக் கட்டியவன் மேல்தான்.

செம்புக்கம்பி:
இங்கே கனடாவில் வீட்டு வயரிங்கில் கறுப்புத்தான் உயிர்க்கம்பி, வெள்ளை நியூட்ரல். வண்டியின் உள்வீட்டைக் கட்டுகிறவர்கள் அதே பழக்கத்தில் 12 வோல்ட் பக்கத்திலும் கறுப்பைப் பிளஸாகவும் வெள்ளையை மைனஸாகவும் இழுத்துவிடுகிறார்கள். அதே வண்டியின் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் பேட்டரியில் கறுப்பு மைனஸ். ஒரே வண்டிக்குள் இரண்டு சட்டங்கள். நிறத்தைப் பார்த்து வேலை செய்கிறவர் மின்பணியாளரே அல்ல. மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.

லண்டன் வண்டிக்காரர்:
எங்கள் ஊரில் சிவப்பும் கறுப்பும் இருந்ததை 2004 முதல் 2006க்குள் பழுப்பாகவும் நீலமாகவும் மாற்றினார்கள். அதிலும் குழப்பம்தான்: பழைய மூன்று பேஸ் வயரிங்கில் நீலம் ஒரு பேஸ், இப்போது நீலம் நியூட்ரல். பழைய வீட்டில் கைவைக்கும்போது எந்தக் காலத்து நீலம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் கோவை ஐயாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கோவை மின்பணியாளர்:
நான் மின்பணியாளரே அல்ல என்று சொன்னவர், மீட்டர் இல்லாமல் டெஸ்ட் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் பழைய மில் ஒன்றில் ஒரு நாள் வேலை செய்து பார்க்கட்டும்.

பழையவண்டி:
நிறச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம், அவருக்கு வெள்ளிக்கிழமை பயணம்.

தம்பி, அந்தப் பொறியிலேயே விடை இருக்கிறது. பற்றரியைத் தலைகீழாகக் கொழுவினால் கன்வெர்ட்டர் எரியாமல் இருக்க, அதன் வெளியீட்டில் தாமே எரிந்துபோகும் பியூஸ்கள் வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் அவை பற்றரிப் பாதையில் இருக்கும். அங்கே எரிந்தால் கம்பத்தில் கொழுவியபோது விளக்கு எரியும், கழற்றினால் அணையும். உங்களுக்கு நடப்பது மற்ற வகை, பியூஸ்கள் கன்வெர்ட்டரிலேயே இருப்பது. முதலில் கம்ப வயரைப் பிடுங்குங்கள், பிறகு பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். கன்வெர்ட்டரின் முகப்பில், தடித்த வெளியீட்டு வயருக்கு அருகில், கார்களில் வருவது போன்ற தட்டைப் பியூஸ்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உள்ளே கம்பி தெரியாத இடத்தில் அறுந்திருக்கலாம். வெளியே இழுத்து, மீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இரு கால்களையும் தொடுங்கள். சத்தம் வராவிட்டால் எரிந்துவிட்டது. தலையில் 30 என்றிருந்தால் 30 மட்டுமே போட வேண்டும். கையில் இருக்கிறது என்று 40ஐச் செருகினால் அடுத்த முறை பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

போட்ட பிறகும் 13 வோல்ற்றுக்கு மேல் வராவிட்டால் கன்வெர்ட்டரே போயிருக்கலாம். அப்போது மறுபடி எழுதுங்கள்.

சூரியத்தகடு:
எப்படியும் அடிக்கடி 11.9க்கு இறங்கிய ஈய பேட்டரி நீண்ட நாள் உழைக்காது. லித்தியம் பற்றி யோசியுங்கள்.

செம்புக்கம்பி:
லித்தியத்துக்கு ஏற்ற மின்னழுத்தம் தராத கன்வெர்ட்டரோடும், நேரடியாக ஏற்றும் ஆல்டர்னேட்டரோடும் அதைக் கோத்துவிடச் சொல்கிறவர், ஆல்டர்னேட்டர் சூடேறிப் போனால் பணம் தருவாரா? பழையவண்டி சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன்: தலைகீழாகக் கொழுவியபோது தரையோரம் இருக்கும் எரிவாயு எச்சரிக்கைக் கருவியும் அடிவாங்கியிருக்கலாம். அதற்குத் தனி பியூஸ் இருக்கும். அதன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். 1999ஆம் ஆண்டில் வைத்த கருவியே இன்னும் இருந்தால் விளக்கு எரிந்தாலும் பயனில்லை. அவற்றின் ஆயுள் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்தான்.

ஸ்காபரோவாசி:
இரண்டு 30 அம்பியர் பியூஸ்களும் போயிருந்தன. ஒன்றைப் பார்த்தால் புதியது போலவே இருந்தது. மாற்றியதும் 13.6. இரு வயர்களிலும் பிளஸ், மைனஸ் என்று எழுதி ஒட்டிவிட்டேன். அனைவருக்கும் நன்றி, சாமான் ஏற்றப் போகிறேன்.

செம்புக்கம்பி:
எரிவாயுக் கருவியின் விளக்கு எரிகிறதா?

பழையவண்டி:
தம்பி, அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.